உடம்புக்குள் ஒரு குட்டி பம்ப்! ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் என்ன நடக்கும்?

சென்னை நகரில் வேறு எந்தப் போஸ்டர் கண்ணில் படாவிட்டாலும் இந்தப் போஸ்டர் படாமல் இருக்காது. மின்சார ரெயில் பெட்டி, மேம்பாலத் தூண், கட்டணக் கழிப்பிடக் கதவு, எங்கே பார்த்தாலும் ஒட்டி இருக்கும். ஆண்மைக் குறைவா, கவலை வேண்டாம், ரகசியம் காக்கப்படும் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே ஒரு செல்போன் நம்பர்.

வியாபாரம் நடப்பதே அந்த "ரகசியம்" என்ற ஒரு வார்த்தையில்தான். இந்தக் கோளாறு வந்த ஆம்பிளை அதைப் பெண்டாட்டியிடம் சொல்வதில்லை. டாக்டரிடமும் சொல்வதில்லை. லேகியக்காரரிடம் மட்டும் போய்ச் சொல்கிறார்!

ஆனால் ரகசியமாகச் செய்து கொள்ள முடியாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. ஆண் உறுப்புக்குள் பலூன் வைக்கும் ஆபரேஷன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குற்றாலத்து அருவியில் குளித்தாலும் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தில் படுப்பவருக்குத் தெரிந்தே தீரும்.

ஆபரேஷன் சுமார் ஒரு மணி நேரக் காரியம். அதற்குப் பிறகு அந்தக் கருவியோடு வாழ்வது பத்து, பதினைந்து வருஷக் கதை. முதலில் சொன்னதை விட்டு விட்டு இரண்டாவதைப் பார்ப்போம்.

லேத் பட்டறைக்காரர்

ஒரு ஆளை வைத்துச் சொன்னால் விளங்கும். தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக் கொள்ளுங்கள். வயது 52. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. (ஆள் கற்பனைதான். அவருக்கு நடப்பது கற்பனை அல்ல. நம் தெருவிலேயே நாலு பேருக்கு நடந்து கொண்டிருக்கும்.)

நாலைந்து வருஷமாக ராத்திரியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொள்கிறார். கேட்டால், "பட்டறையில வேலை ஜாஸ்தி" என்கிறார். வீட்டுக்காரி என்ன நினைப்பார்? நம் மேல் ஆசை போய் விட்டது என்று நினைப்பார். இல்லாவிட்டால், வேறு எங்கேயோ தொடர்பு என்று நினைப்பார்.

இரண்டும் இல்லை. ஆசையில் கோளாறு இல்லை. குழாயில் கோளாறு!

ஆண் உறுப்புக்குள் பஞ்சு போன்ற இரண்டு தண்டுகள் இருக்கின்றன. மூளையிலிருந்து நரம்பு வழியாக உத்தரவு வந்ததும் அவற்றில் ரத்தம் பாய்ந்து நிரம்புகிறது. வெளியேறும் வழி அடைபடுகிறது. அதுதான் விறைப்பு. சர்க்கரை வியாதி நரம்பையும் கெடுக்கிறது, ரத்தக் குழாயையும் கெடுக்கிறது. 2023-ம் ஆண்டு வெளியான ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரைக்காரர்கள் சுமார் 10 கோடி பேர். அதில் ஆண்கள் எத்தனை பேர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார்களோ!

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். உறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லி மீட்டர் அகலம்தான். இதயத்துக்குப் போகும் குழாய் 3 முதல் 4 மில்லி மீட்டர். அடைப்பு வந்தால் சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக் கொடுக்கும். அதனால்தான் இந்தக் கோளாறோடு வருபவருக்கு டாக்டர்கள் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்கிறார்கள். லேகியம் கொடுப்பவர் ஈ.சி.ஜி. எடுப்பதில்லை.

மாத்திரை பலிக்காவிட்டால்

எடுத்த எடுப்பில் யாரும் கத்தியைத் தூக்குவதில்லை. முதலில் மாத்திரை. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற "வயாக்ரா" இன்றைக்கு எத்தனையோ பெயர்களில் நம் ஊர் மருந்துக் கடைகளுக்கு வந்து விட்டது. பலருக்குக் கேட்கிறது. ஆனால் நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் சார்பிட்ரேட் வைக்கிறவர் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து ஆளையே சாய்த்து விடும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுகிறவர்கள் கவனிக்க.

மாத்திரை கேட்காவிட்டால் காற்றை உறிஞ்சி ரத்தத்தை இழுக்கும் குழாய்க் கருவி இருக்கிறது. உறுப்பிலேயே போட்டுக் கொள்ளும் ஊசி இருக்கிறது. எதுவும் பலிக்காதவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும்தான் ஆபரேஷன். பல வருஷச் சர்க்கரைக்காரர்கள், புற்று நோய்க்காகப் பிராஸ்டேட் சுரப்பியை எடுத்தவர்கள், இடுப்பு எலும்பு உடைந்தவர்கள் இந்த வரிசையில் வருகிறார்கள்.

ஜாக்கி மாதிரி!

உள்ளே எதையாவது வைத்துத் தூக்கி நிறுத்தலாம் என்ற யோசனை பழையது. 1936-ல் ரஷிய டாக்டர் போகோராஸ் விலா எலும்பின் குருத்தைச் செதுக்கி உறுப்புக்குள் வைத்தார். அந்த டாக்டரே டிராம் வண்டியில் அடிபட்டு இரண்டு காலையும் இழந்து, பொய்க்கால் வைத்துக் கொண்டு ஆபரேஷன் செய்தவர்! ஆனால் உள்ளே வைத்த குருத்து நாளடைவில் வளைந்தது, கரைந்தது.

1973-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து டாக்டர் பிராண்ட்லி ஸ்காட்டும் அவருடைய கூட்டாளிகளும் ஊதக்கூடிய கருவியை உலகுக்குக் காட்டினார்கள். இன்று உலகம் பூராவும் வைக்கப்படுவது அதன் வாரிசுகள்தான்.

லேத் பட்டறைக்காரருக்கு இதை விளக்க அரை நிமிஷம் போதும். லாரியைத் தூக்கும் ஹைடிராலிக் ஜாக்கி இருக்கிறதே, அதே தத்துவம். எண்ணெய்க்குப் பதில் உப்புத் தண்ணீர். அடிவயிற்றில் மூத்திரப் பைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பை. அதில் 65 முதல் 125 மில்லி வரை பிடிக்கும். ஒரு டம்ளர் காபிக்கும் குறைவு. விதைப் பைக்குள் இரண்டு விதைகளுக்கும் நடுவே ஒரு பம்ப், கொட்டைப் பாக்கைவிடச் சற்றுப் பெரிது. உறுப்புக்குள் இரண்டு நீள பலூன்கள். எல்லாவற்றையும் இணைக்க மெல்லிய டியூப்.

தோலுக்கு மேலாகவே பம்பை அமுக்கினால் தண்ணீர் மேலிருந்து இறங்கி பலூனுக்குள் போகும். உறுப்பு விறைக்கும். காரியம் முடிந்த பின் பம்பின் மேலுள்ள பொத்தானை அமுக்கினால் தண்ணீர் திரும்பிப் போய்விடும். உறுப்பு பழையபடி துவளும். பொத்தானை அமுக்குகிற வரை அது பாட்டுக்கு நிற்கும்!

பம்ப் எதுவும் இல்லாத, வளைத்து நிமிர்த்தும் கம்பி வகையும் இருக்கிறது. மும்பை டாக்டர் ரூபின் ஷா வடிவமைத்த நம் நாட்டுக் கருவி அந்த வகைதான். விலை மிகவும் குறைவு, ரிப்பேர் குறைவு. ஆனால் எப்போதும் ஓரளவு விறைத்தே இருக்கும். இதில் கோளாறு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே இருக்கிறது. ரோட் ஐலண்ட் மாநிலத்துக்காரர் ஒருவருக்கு 1996-ல் உலோகமும் பிளாஸ்டிக்கும் கலந்த கருவி வைக்கப்பட்டது. அது மடங்கவே இல்லை. பத்து வருஷம் யாரையும் கட்டிப் பிடிக்க முடியாமல், சைக்கிள் ஓட்ட முடியாமல் தவித்தார். 2006-ல் அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு 4 லட்சம் டாலர் நஷ்ட ஈட்டை உறுதி செய்தது.

"அவளுக்குத் தெரியாம..."

நம் பட்டறைக்காரர் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எல்லாம் கேட்டுக் கொண்டு, கடைசியில் குரலைத் தாழ்த்துகிறார்.

"டாக்டர் சார், இதை அவளுக்குத் தெரியாம பண்ணிக்க முடியுமா?"

முடியாது. நல்ல டாக்டர்கள் அடுத்த முறை வரும்போது மனைவியையும் அழைத்து வரச் சொல்வதே அதற்குத்தான். சொல்லாமல் செய்து கொண்டவர் முதல் ராத்திரியே மாட்டிக் கொள்வார். "இது என்னங்க கல்லு மாதிரி?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். ஏமாற்றி விட்டார் என்ற கோபம் கோளாறைவிடப் பெரிய கோளாறு.

இன்னொரு காரணமும் உண்டு. இது ஒருவழிப் பாதை. பலூனுக்கு இடம் பண்ணும்போது அந்தப் பஞ்சுத் தண்டு சேதமாகிறது. பிறகு கருவியை எடுத்து விட்டால் பழைய விறைப்பு வராது. மாத்திரையும் கேட்காது. "வச்சுப் பார்ப்போம், பிடிக்கலைன்னா எடுத்துடலாம்" என்ற பேச்சுக்கே இடம் இல்லை. அப்படிப்பட்ட முடிவை வீட்டில் ஒருவர் மட்டும் எடுப்பது சரியா என்று அவரவர் யோசித்துக் கொள்ளட்டும்.

ஆறு வாரம்

ஆபரேஷன் முடிந்த முதல் நாள் மூத்திரக் குழாய் போட்டிருக்கும். ரத்தம் கசியாமல் இருப்பதற்காகச் சில டாக்டர்கள் பலூனைப் பாதி நிரப்பியே விட்டு வைத்து, பிறகு இறக்கி விடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சங்கதியே. விதைப் பை தேங்காய் மாதிரி வீங்கலாம். கறுத்து, நீலம் பாரித்துப் போகலாம். பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று வாரத்தில் வடியும். வலி இருக்கும். இதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. முதல் வாரம் நன்றாகவே வலிக்கும். சர்க்கரைக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் நீடிப்பதும் உண்டு.

லுங்கிக்குள் காற்றோட்டமாக இருக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. இறுக்கமான ஜட்டி போட வேண்டும். உறுப்பைத் தொப்புளைப் பார்த்து மேல் நோக்கி வைக்க வேண்டும். வளைந்து ஆறி விடாமல் இருக்க இந்த ஏற்பாடு. டாக்டர் சொன்ன நாளிலிருந்து பம்பைத் தினமும் மெல்லக் கீழே இழுத்து விட வேண்டும். இல்லாவிட்டால் அது மேலேறி எட்டாத இடத்தில் ஒட்டிக் கொள்ளும். பிறகு தேடுவதே வேலையாகி விடும்.

பைக் ஓட்டக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. பட்டறையில் இரும்பு ராடைத் தூக்கிச் சக்கில் மாட்டுகிறவருக்கு ஆறு வாரம் வேலை இல்லை என்று அர்த்தம். கூலிக்காரர்கள் இந்தச் சம்பள நஷ்டத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

பார்க்க வரும் உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "என்னப்பா ஆபரேஷன்?" என்று மச்சான் கேட்பார். "ஹெர்னியா" என்று சொல்லி விடலாம். மச்சானுக்கு அது போதும்.

இந்த நாட்களில் பலூனை ஊதிப் பார்க்கும் ஆசை வரும். கூடாது. அடிவயிற்றுத் தண்ணீர்ப் பையைச் சுற்றி உடம்பு ஒரு தழும்பு உறையைக் கட்டுகிறது. பை நிரம்பி இருக்கும்போது உறை கட்டினால்தான் பிற்காலத்தில் தண்ணீர் திரும்பிப் போகத் தாராளமாக இடம் இருக்கும். பை காலியாக இருக்கும்போது உறை சுருங்கிக் கட்டி விட்டால், பை நெருக்கப்பட்டு உறுப்பு தானாகவே விறைக்கும். பஸ்ஸில் நின்று கொண்டிருக்கும்போது கூட!

நாலு முதல் ஆறு வாரத்தில் டாக்டர் கூப்பிட்டுப் பம்பை இயக்கக் கற்றுக் கொடுப்பார். அந்தப் பாடத்துக்கு வீட்டுக்காரியும் போவது நல்லது. முதல் தடவை பம்ப் இறுக்கமாக இருக்கும், வழுக்கும், வலிக்கும். "இது நமக்கு ஒத்து வராது" என்று தோன்றும். நாலு நாள் பழகினால் இருட்டில் கூடக் கை தானாகப் போகும். தினமும் ஊதி, சிறிது நேரம் வைத்திருந்து, இறக்க வேண்டும். சைக்கிள் பழகுகிற மாதிரிதான். லேத்காரரின் கைக்கு இது பெரிய வேலையே இல்லை.

கிடைப்பதும் கிடைக்காததும்

டாக்டர் பச்சைக் கொடி காட்டிய பிறகு தாம்பத்யத்தைத் தொடங்கலாம். உணர்ச்சி பழையபடி இருக்கும். உச்ச சுகம் இருக்கும். விந்து முன்பு வந்து கொண்டிருந்தால் இப்போதும் வரும். பிள்ளை பெறும் சக்தியைக் கருவி தொடுவதில்லை. மூத்திரம் போவதில் வித்தியாசம் இல்லை.

ஆனால் நீளம் கூடாது. இதை அடிக்கோடு போட்டுப் படிக்க வேண்டும். இளமையில் இருந்ததைவிடக் குட்டையாகத் தோன்றுவதாகப் பலர் குறைப்படுகிறார்கள். வருஷக் கணக்கில் விறைப்பு இல்லாமல் கிடந்ததில் உறுப்பு ஏற்கனவே சுருங்கி இருக்கும். மொட்டுப் பகுதிக்குள் பலூன் போவதில்லை, அது மெத்தென்றுதான் இருக்கும். ஆசை இல்லாதவருக்குக் கருவி ஆசையைக் கொடுக்காது. வீட்டில் தினமும் சண்டை என்றால் சண்டையையும் தீர்க்காது.

எல்லாரும் மறந்து விடுகிற ஆள் வீட்டுக்காரி. அவருக்கு வயது 48 என்று வைத்துக் கொள்வோம். மாத விலக்கு நின்றிருக்கலாம். நாலைந்து வருஷம் உறவே இல்லாத உடம்பு. வறட்சி இருக்கும். இங்கே புருஷன் புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்கிறார். அவர் கருவியோ களைப்பதே இல்லை! அந்த அம்மாவுக்கு வலிதான் மிஞ்சும். வழுவழுப்பான ஜெல்லி மருந்துக் கடையில் கிடைக்கிறது. பெண் டாக்டர் ஒருவரைப் பார்த்தால் வறட்சிக்கு வைத்தியமும் இருக்கிறது. புருஷனுக்கு லட்சக் கணக்கில் செலவு செய்யும் வீட்டில் இதற்கு நூறு ரூபாய் யோசிக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு எப்படி இருக்கிறார்கள்? வெளிநாட்டு ஆய்வுகள் பலவற்றில் பத்துப் பேருக்கு எட்டு, ஒன்பது பேர் திருப்தி என்றே சொல்லி இருக்கிறார்கள். அந்த மீதி ஒருவர் இருவர் பெரும்பாலும் நீளத்தை எதிர்பார்த்துப் போனவர்கள், அல்லது கிருமி தாக்கியவர்கள்.

கிருமி

இந்த ஆபரேஷனில் டாக்டர்கள் உண்மையில் பயப்படுவது கிருமிக்குத்தான். முதல் முறை வைப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவருக்கு இது வரலாம். ரிப்பேருக்காக மறுபடி திறந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தெரிந்து விடும். குறைய வேண்டிய வலி கூடும். தோல் சிவக்கும். சீழ் வரும். காய்ச்சல் அடிக்கும். பம்ப் தோலோடு ஒட்டிக் கொண்டு நகராமல் நிற்கும்.

அப்படி என்றால் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஓட வேண்டும். கருவி முழுவதையும் எடுத்துக் கழுவ வேண்டி இருக்கும். சிலருக்கு அதே மேஜையில் புதிது வைக்க முடியும். இங்கேயும் ரகசியம்தான் குறுக்கே நிற்கிறது. வெட்கப்பட்டுப் பத்து நாள் தள்ளிப் போட்டால் அந்த வாய்ப்பும் போய் விடும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரை டாக்டர் திருப்பி அனுப்பி, குறைத்துக் கொண்டு வரச் சொன்னால் கோபப்பட வேண்டாம். பீடி, சிகரெட்டும் அப்படியே.

தேய்மானம்

எந்த எந்திரத்துக்கும் ஆயுள் உண்டு என்று பட்டறைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நன்றாக அமைந்தால் பத்து, பதினைந்து வருஷம் ஓடும். பிறகு டியூப் விரிசல் விடலாம், பலூன் கசியலாம். ஒரு நாள் எத்தனை அமுக்கினாலும் ஏறாது. கசிவது உப்புத் தண்ணீர்தான், உடம்பு உறிஞ்சிக் கொள்ளும். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் புதிது வைக்க மறுபடி ஆபரேஷன், மறுபடி செலவு.

செலவைச் சொன்னால் பலருக்கு விறைப்பு இருந்தாலும் இறங்கி விடும்! வெளிநாட்டில் செய்து வரும் ஊதும் கருவிக்கே சில லட்சம் ஆகும். ஆஸ்பத்திரிச் செலவு தனி. இன்ஷூரன்ஸ் கொடுக்குமா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக் கொள்ள வேண்டும். இந்தத் தொகை இல்லாதவர்களுக்காகத்தான் நம் நாட்டுக் கம்பி வகை இருக்கிறது. பெரியாஸ்பத்திரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு ஆஸ்பத்திரிகளில் சிறுநீரகவியல் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்கிக் கொண்டு போய் என்ன வழி இருக்கிறது என்று கேட்கலாம். அங்கே டாக்டர்கள் இதை ஆயிரம் பேரிடம் கேட்டவர்கள். நீங்கள் சொல்லப் போவது அவர்களுக்குப் புதிதல்ல.

மச்சானிடம் சொன்ன பொய்

இப்போது அந்த "ஹெர்னியா" பொய்க்கு வருவோம். மச்சானிடம் சொன்னது பரவாயில்லை. அதே பொய்யை டாக்டரிடம் சொன்னால் வினை.

ஐந்து வருஷம் கழித்து நிஜமாகவே ஹெர்னியா வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அடிவயிற்றைத் திறக்கும் டாக்டருக்கு அங்கே தண்ணீர்ப் பை இருப்பது தெரியாவிட்டால் கத்தி பட்டு விடும். மூத்திரம் அடைத்துக் கொண்டு குழாய் போட வருகிற நர்சுக்குத் தெரியாவிட்டால் முரட்டுத்தனமாகப் போட்டு விடுவார். பிராஸ்டேட் ஆபரேஷன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லியாக வேண்டும். இன்றைய கருவிகள் பெரும்பாலானவற்றை வைத்துக் கொண்டு, குறிப்பிட்ட நிபந்தனைகளோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஆனால் எந்த மாடல் என்று ஸ்கேன் எடுப்பவருக்குத் தெரிய வேண்டும். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது மட்டும் கவலை வேண்டாம், பெரும்பாலும் மணி அடிக்காது.

விபத்தில் நினைவு தப்பிக் கிடந்தால் யார் சொல்வது? அதற்காகத்தான் ஆபரேஷன் முடிந்ததும் கருவியின் பெயர், நம்பர், வைத்த தேதி எல்லாம் போட்ட ஒரு அட்டையைக் கையில் கொடுக்கிறார்கள். அதை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைப் பர்ஸில் வைத்துக் கொள்ள வேண்டும். அசல் அட்டை பீரோவில் இருக்கட்டும். பீரோ சாவி வீட்டில் யார் இடுப்பில் தொங்குகிறது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.